பாலித் தீவும் சிறுபொருட் பயணமும்

நம் கல்லூரி மாணவரிடையே, விடுமுறைக் காலத்திற் கடல் கடந்து சென்றுவர வேண்டும் என்னும் வேட்கை அண்மையிற் பெருகி வருகின்றது. கலமேறிக் கீழ்த்திசை சென்ற முன்னோரின் வழிவந்தார்க்கு இவ்வேட்கை இயல்பே. அதனை யாம் குறைகூறோம். ஆயின் செல்லும் முறையைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். மாணவர் சங்கத்தார் அடுத்த விடுமுறைக்கென வகுத்துள்ள திட்டமொன்று விடுதிச் சுவரில் ஒட்டப்பெற்றிருப்பதை அன்பர் பலரும் கண்டிருப்பர். இருபதின்மர், ஏழு நாள், பாலி, லொம்பொக், அவற்றினிடையே கிடக்கும் கீலித் தீவுகள் மூன்று, ஆகத் தீவு ஐந்து. "குறைந்த செலவிற் பண்பாட்டில் மூழ்குதல்" என்பது அதன் தலைப்பு. குறைந்த செலவு என்னும் பகுதியில் எமக்கு வழக்கில்லை. மூழ்குதல் என்னும் பகுதியிலேதான் வழக்கு.

யாம் இதனை ஏட்டறிவு ஒன்றையே துணைக்கொண்டு எழுதவில்லை. சென்ற கோடையில் தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய எம்முள் மூவர் பதினெட்டு நாள் பாலியில் தங்கி வந்தோம். சென்னையினின்றும் வானூர்தியிற் சாவகத்தின் சுரபாயா நகரை அடைந்து, அங்கிருந்து பகற்பொழுதெல்லாம் இரயிலிற் சென்று, கீழைக்கரையிலுள்ள கெதாப்பாங் துறையிற் கலமேறி, ஒரு மணி நேரத்திற்குள்ளாகப் பாலியின் கிலிமானுக் துறையில் இறங்கினோம். அக்கலத்தை அவர்கள் "காபால்" என்கின்றனர். நம் கப்பலே அஃது. சாவகத்திற்கும் பாலிக்கும் நேரம் வேறாதலின் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிக்கொண்டோம்.

செலவைக் கேட்பார்க்கு அதனையும் சொல்லிவிடுகின்றோம். நாட்டினுள் நுழைவதற்குரிய அனுமதிக்கு ஐந்து லட்சம் ரூபியா. 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் முதல் வெளிநாட்டார் ஒவ்வொருவரும் பாலிக்கெனத் தனியே செலுத்தவேண்டிய வரி ஒன்றரை லட்சம் ரூபியா. லட்சம் என்றவுடன் அஞ்ச வேண்டா. ஐந்து லட்சம் ரூபியா நம் நாணயத்தில் ஏறக்குறைய 2,700 ரூபாய்தான். மூவர்க்கும் போதுமான ஓரறை, குடும்பத்தார் வாழும் வீட்டு வளைவினுள்ளேயே, நாளொன்றுக்கு 800 ரூபாய் அளவிற் கிடைத்தது. "வாருங்" எனப்படும் சிறு சோற்றுக்கடைகளில் நூறு ரூபாய்க்குச் சற்று மிகுதியாகக் கொடுத்தால் வயிறார உண்ணலாம். ஆதலின் செல்வர் மட்டுமே செல்லத்தக்க இடம் அதுவென்று எவரும் மயங்க வேண்டா. நம் வீட்டில் நம்மைச் செல்வர் என்பார் ஒருவருமிலர்; அங்கோ நாம் செல்வர். இதனை ஈண்டே குறித்துவைக்கின்றோம்.

பாலிக்கு இன்பப் பயணிகள் செல்லத் தொடங்கிய வரலாறு இன்பமானதன்று. 1906ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள், ஒல்லாந்தர் படை டென்பசார் நகரின் அரண்மனையை நோக்கி வந்தபோது, படுங் நாட்டு அரசன் தன் சுற்றத்தாரோடும் பணியாளரோடும் வெள்ளாடை புனைந்து வெளிப்போந்து, துப்பாக்கிகளின் எதிரே நடந்து மாண்டான். புபுத்தான் என்பர் அதனை. 1908இற் குலுங்குங் அரசும் அவ்வாறே முடிவெய்திற்று. அதன்பின் இருபதாண்டுகளுக்குள், ஒல்லாந்தரின் கப்பற் கம்பெனி அத்தீவையே இன்பபுரி என்று படம் அச்சிட்டுப் பயணிகளை அழைக்கலாயிற்று. 1928இல் டென்பசாரிலேயே உயர்ந்த விடுதியொன்று திறக்கப்பெற்றது. பயணிகள் வடகரையிற் கப்பலினின்று இறங்குவர், மோட்டார் வண்டியில் இரண்டு மூன்று நாளில் தீவைச் சுற்றுவர், கூத்தொன்று காண்பர், மரப்பதுமை ஒன்று வாங்குவர், மீள்வர். ஒரு தீவிற்கு மூன்று நாள் என்பது அவர் கணக்கு. ஏழு நாளில் ஐந்து தீவு என்னும் நம் நண்பர்களின் கணக்கு அதனினும் விரைவுடையது.

சிறுபொருளோடு செல்லும் இளைஞர் கூட்டம் பாலியிற் பெருகியது 1969இல் அங்குள்ள வானூர்தி நிலையம் பெருவிமானங்களுக்குத் திறக்கப்பெற்ற பின்னரே. அக்காலத்து நடந்ததொன்று சிந்திக்கத்தக்கது. 1971இற் பிரெஞ்சு ஆலோசகர் குழு ஒன்று இந்தோனேசிய அரசிற்காகத் திட்டம் வகுத்தது. வெளிநாட்டார் ஊருட் புகின் பண்பாடு கெடும். ஆகவே தென்முனையிலுள்ள நூசா துவா என்னும் வறண்ட நிலத்திற் பெருவிடுதிகள் கட்டி அவர்களை அங்கேயே நிறுத்திவைத்து, பகலில் மட்டும் ஊர் காட்டி அழைத்துச் செல்லலாம் என்பது அதன் கருத்து. உலக வங்கியும் அதற்குப் பொருளுதவிற்று. அதே வேளையில், தோளில் ஒரு பையோடு ஆசியாவைத் தரைவழியாகக் கடந்துவந்த இளைஞர் கூட்டா என்னும் செம்படவர் ஊரை அடைந்து, குடும்பத்தார் தம் வளைவில் ஒதுக்கித்தந்த சிற்றறைகளில் தங்கினர். 1975இல் டோனி வீலரும் அவர் மனைவியாரும் தென்கிழக்காசியாவைச் சிறுபொருளிற் காண்பதற்கு வெளியிட்ட வழிகாட்டிநூல் அவர்கள் கூட்டத்தைப் பெருக்கிற்று. பெருவிடுதியிற் செலவான பொருள் கம்பெனிகளைச் சேர, இவ்விளைஞரின் சில்லறை நேரே வீட்டுப் பெண்டிரின் கையிற் சேர்ந்தது. சிறுபொருட் பயணத்தை யாம் ஆதரிப்பதற்கு முதற்காரணம் இதுவே.

அம்மட்டோடு நின்றிருப்பின் நன்றாயிருக்கும். அவர்கள் காலாற் பதிந்த ஒற்றையடிப் பாதையே பின்னர்ப் பெருந்தெருவாயிற்று. கூட்டாவில் இன்று செம்படவர் ஊரின் சாயலைத் தேடிக் காண்பதரிது. கடையும் மதுச்சாலையும் வண்டி நெரிசலுமே உள. 2002ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் வெடிகுண்டுகளால் 202 பேர் உயிரிழந்ததும் அத்தெருவினையொட்டியே. 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி தீவின் மக்கள் ஏறத்தாழ 43 லட்சம். 2019ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அங்கு வந்த வெளிநாட்டார் 62 லட்சத்திற்கு மேற்பட்டோர். ஏழைப் பயணி செல்வனுக்கு வழி திறந்துவிடுகின்றான் என்று பாலியில் ஒருவர் எம்மிடம் சொன்னார். மறுத்துரைக்க எமக்குச் சொல் எழவில்லை.

இனிப் பேரம் பேசுதலைப் பற்றி. சிறுபொருளிற் பயணம் செய்தோர் ஊர் திரும்பியபின் பெருமையாகக் கூறிக்கொள்வது பெரும்பாலும் இதுவே: இன்னார் இத்துணை கேட்டார், யாம் இத்துணைக்கு முடித்தோம் என்பது. சந்தையிற் பேரம் அவர்க்கும் நமக்கும் வழக்கந்தான். அதில் நகையும் உறவும் கூட உண்டு. ஆயின் ஐயாயிரம் ரூபியாவிற்காக, அஃதாவது நம் காசில் ஏறக்குறைய இருபத்தேழு ரூபாய்க்காக, நெசவுத் துணி விற்கும் மூதாட்டியைக் கால்மணி நேரம் நிறுத்திவைத்தலைப் பண்பாட்டறிவு என்பது தகுமா? எம் ஊர் வாரச்சந்தையிற் கீரை விற்கும் ஆத்தாளிடம் வெளிநாட்டான் ஒருவன் அங்ஙனம் செய்யக் காணின் நாம் என்ன நினைப்போம்? பொருள் குறைந்தவன் வேறொன்றைக் கொடுத்தல் வேண்டும். அவனிடம் மிகுதியாயிருப்பது நாள். அடுத்தபடி, முயன்றால் நாவு.

நாவினின்றே தொடங்குவோம். இந்தோனேசிய மொழி கற்பதற்கு எளிது. வினைகளுக்குக் காலங்காட்டும் உறுப்பில்லை. பன்மை வேண்டின் பெயரை அடுக்கிச் சொன்னாற் போதும்: "ஓராங்" மனிதன், "ஓராங் ஓராங்" மனிதர். நம் அடுக்குத்தொடரைப் பயின்றவர்க்கு இது விளையாட்டு. மூன்று திங்கள் நாள்தோறும் அரைமணி பயின்றுசென்ற எமக்குச் சோறு, வழி, நலம், நன்றி ஆகியன பேச இயன்றது. ஆயின் அது நாட்டுப் பொதுமொழி. வீட்டினுள் அவர்கள் பேசுவது பாலி மொழி, அதுவோ கடினம். கேட்பவரின் நிலைக்கேற்பச் சொல்லே மாறும். பெரியோர் உண்பதற்கு "ஙஜெங்" என்பர். விலங்கு தின்பதற்கு "ஙாமா" என்பர். பின்னதை விருந்தினர்முன் வழங்குதல் பெரும்பிழை. இதனைக் கேட்டவுடன் எமக்குத் தொல்காப்பியம் நினைவிற்கு வந்தது. தாழ்ந்த நிலையினன் "ஈ" என்றும், ஒத்த நிலையினன் "தா" என்றும், உயர்ந்த நிலையினன் "கொடு" என்றும் இரத்தற்பொருளில் மூன்று சொல்லை ஆசிரியர் வகுத்ததைத் தேர்விற்காக நெட்டுருச் செய்திருந்தோம். அவ்வகுப்பு உயிரோடு நடமாடும் ஊரொன்றை அங்கே கண்டோம்.

திசையும் அங்ஙனமே. பாலியார் வழி சொல்லும்போது வடக்கு, தெற்கு என்னாது "காஜா", "கெலோத்" என்பர். மலைப்பக்கம், கடற்பக்கம் என்று பொருள். மலைத்தொடர் தீவின் நடுவே கிடத்தலின், தென்பாலியிற் காஜா வடக்கு. வடபாலியில் அதுவே தெற்கு. குடும்பக் கோயில் மலைப்பக்கத்து மூலையிலும், அடுக்களை கடற்பக்கத்திலும் அமையும். படுக்கும்போது தலையை மலைநோக்கி வைத்துக்கொள்ளும்படி எம் வீட்டுத் தலைவியார் முதலிரவே சொல்லித் தந்தார். நிலம் மேலாயுள்ள திசை மேற்கு, கீழாயுள்ள திசை கிழக்கு என்று நம் முன்னோரும் நிலச்சரிவைக் கொண்டே பெயரிட்டனர் என்று யாம் அரைகுறை மொழியிற் கூற, அவர் மகனை அழைத்து அதனைச் சொல்லிக் காட்டினார். அன்று முதல் எமக்கு வீட்டில் இடம் வேறு.

யாம் பெரும்பான்மை நாள் தங்கியது தபானான் வட்டாரத்து நெல்வயற் சிற்றூர் ஒன்றில். பாலியின் வயல்கள் படிப்படியாக மலைச்சரிவில் இறங்குவதைப் படத்திற் காணாதார் இலர். படத்திற் காணவியலாதது தண்ணீர் பகிரும் முறை. ஒரே வாய்க்காலின் நீரை உண்ணும் வயலுடையார் அனைவரும் "சுபாக்" என்னும் குழுவாகக் கூடி, எவர்க்கு எந்நாள் நீர், எவ்வயல் எப்போது தரிசு என்று கூட்டத்தில் முடிவு செய்வர். நீர்க்கோயில்கள் வாய்க்கால் தொட்டு ஏரிவரை ஒன்றற்கொன்று தொடர்புடையன. பாத்தூர் ஏரிக் கோயில் அவற்றுள் தலைமை வாய்ந்தது. 1970களிற் புதுவகை நெல் வந்தபோது, கோயில் முறையைக் கைவிட்டு இயன்றபோதெல்லாம் இடைவிடாது நடுக என அரசு அலுவலர் வற்புறுத்தினர். நீர் முட்டுப்பட்டது, பூச்சியும் நோயும் பெருகின. ஒரு பரப்பு முழுதும் ஒருங்கே தரிசாய்க் கிடந்தாலன்றிப் பூச்சிக்கு உணவறாது என்பதும், கோயில் நாட்காட்டி அதனைத்தான் செய்துவந்தது என்பதும், ஸ்டீபன் லான்சிங் என்னும் அமெரிக்க மானிடவியலார் 1991இல் வெளியிட்ட நூலில் விளக்கப்பட்டன. 2012இல் யுனெஸ்கோ இம்முறையை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. பாண்டிநாட்டுக் கண்மாய்களில் நீர்க்கட்டி மடை திறந்த முறையைத் தாத்தாமார் வாய்க்கேட்டவர்க்கு இது அயலானதன்று. நம் முறை பெரும்பாலும் கதையாயிற்று. அவர் முறை இன்னும் நடக்கின்றது.

நடக்கின்றது என்றோம், எத்துணை நாள் நடக்கும் என்பது எம் போல்வாரையும் பொறுத்தது. எம் அறையின் சாளரத்தெதிரே வயல். அதற்கடுத்த வயல் விற்கப்பெற்று, விருந்தினர் மாளிகைக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. மேல்வயல் கட்டடமானால் அதனூடு கீழிறங்கும் நீர் தடைப்படும். கீழ்வயலுடையான் பின் என்செய்வான்? அவனும் விற்பான். வீட்டுத் தலைவர் ஒருநாள் மாலை திண்ணையிலிருந்து மெல்லச் சொன்னார்: வருகின்றவர் அனைவரும் வயலை நோக்கிய அறையே வேண்டுமென்கின்றனர், அவர்க்கு அறை கட்டக் கட்ட வயல் குறைகின்றது, என்று. அவரும் அறை கட்டியவரே. எம் 800 ரூபாய் அவர் மகளின் படிப்பிற்குச் செல்கின்றது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரல் தொடங்கி ஒன்றரை ஆண்டு வெளிநாட்டுப் பயணிகள் வராதொழிந்தபோது, விடுதிகளில் வேலை செய்தோர் பலர் வயலுக்கும், கடற்பாசி வளர்ப்பிற்கும் மீண்டனர். வயல் இருந்தமையால் மீள முடிந்தது.

கூத்தைப் பற்றியும் ஒரு சொல். ஊபுட் என்னும் ஊரிற் கெச்சாக் கண்டோம். ஆடவர் பலர் வட்டமாயமர்ந்து "சக் சக்" என்று ஒலியெழுப்ப, நடுவே இராமகதை நிகழும். ஆயிரமாண்டுச் சடங்கு என்று பக்கத்திருந்த பயணியொருவர் மெய்சிலிர்த்தார். உண்மையில், சங்கியாங் என்னும் பழஞ்சடங்கின் கூட்டொலியை இராமகதையோடு இணைத்து 1930களில் அமைக்கப்பெற்ற கூத்து அது. வால்டர் ஸ்பீஸ் என்னும் ஜெர்மானிய ஓவியர்க்கும் வாயான் லிம்பாக் என்னும் பாலிக் கூத்தர்க்கும் அதிற் பங்குண்டு. இதனால் அஃது இழிந்ததென்று கொள்ள வேண்டா. எமக்கு அது பெரிதும் பிடித்திருந்தது. அறியவேண்டுவது வேறு. 1971இல் டென்பசாரில் அறிஞரும் கலைஞரும் கூடித் தம் ஆடல்களை மூவகையாக்கினர்: கோயிலின் உள்முற்றத்திற்குரியன, நடுமுற்றத்திற்குரியன, எவரும் காண்பதற்குரியன. விருந்தினர்க்குத் திண்ணையில் இடம், அடுக்களையில் இல்லை என்பது போன்றதே இது. எமக்கெனத் திறவாத கதவும் அவர் பண்பாட்டின் ஒரு பகுதி. அதனை நெருக்கித் திறந்து "உள்ளே கண்டேன்" என்பவன் கண்டது ஒன்றுமில்லை.

நம் கல்லூரியார்க்குச் சுவையாயிருக்குமாதலின் பிலிம்பிங்சாரி என்னும் ஊரையும் குறிப்பிடுகின்றோம். கிலிமானுக் துறைக்கு அணித்தாக மேலைப் பாலியில் உள்ளது. கிறிஸ்து சமயம் தழுவிய பாலி மக்கள் தம் ஊர்களில் இடர்ப்பட்டபோது, 1939இற் காட்டுநிலத்தைத் திருத்தி அங்குக் குடியேறினர். 1976ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற் பழைய ஆலயம் இடிந்தது. பின் எழுந்த ஆலயம் முற்றும் பாலி மரபினது: இரண்டாகப் பிளந்த கல்வாயில், சுவரில்லாத மண்டபம், சுற்றிலும் பூச்செடியும் நீரும், வழிபாட்டிற் கமெலான் இசையும் உண்டு. கூர்ங்கோபுரமும் செங்கல் வளைவும் கண்டு பழகிய எமக்கு முதலில் ஆலயம் எங்கே என்றே புலப்படவில்லை. அங்கு வந்திருந்த வெளிநாட்டார் ஒருவர், "இது மெய்யான பாலியன்று" என்று முகஞ்சுளித்து அன்றே போய்விட்டார். மெய்யான பாலி எதுவென்று தீர்ப்பளிக்கும் உரிமையை அவர்க்கு வழங்கியவர் யாரோ!

இத்தகையோர் பெருகியதாலன்றோ, 2023இற் பாலி ஆளுநர் பயணிகள் செய்யத்தக்கன, தகாதனவற்றைச் சுற்றறிக்கையாக வெளியிட நேர்ந்தது? கோயிலிற் புகுமிடத்து உடை, புனித மரத்தைத் தீண்டாமை போன்றனவற்றை அரசு எழுதிக் கொடுத்துக் கையிற் கட்டவேண்டிய நிலை விருந்தினர்க்குப் பெருமை தருவதன்று. சக ஆண்டின் புத்தாண்டாகிய ஞெப்பி நாளில் தீவு முழுதும் தீ மூட்டாது, தொழில் செய்யாது, வெளிச்செல்லாது அமைதி காக்கும்; வானூர்தி நிலையமும் ஒருநாள் முழுதும் மூடப்படும். 2018 முதற் கைப்பேசி வழி இணையமும் நிறுத்தப்படுகின்றது. அந்நாளைப் பற்றி "ஒருநாட் செலவு வீண்" என்று குறைசொல்லும் பயணக் குறிப்புகளை யாம் படித்துளோம். யாம் சென்றது கோடையாதலின் அந்நாள் எமக்கு வாய்க்கவில்லை. வாய்த்திருப்பின் நல்லூழ் எனக் கொண்டிருப்போம்.

மீண்டும் சுவரொட்டிக்கு வருவோம். மூழ்குதல் என்னும் சொல்லை விடுத்துத் தோய்தல் என்னும் சொல்லை அன்பர்கள் எண்ணிப் பார்க்க. மூழ்கினவன் உடனே எழுந்து தலை துவட்டிக்கொள்கின்றான். பால் தோய்ந்து தயிராதற்கோ ஓரிரவு வேண்டும். அவ்வளவும் கலத்தை இடம்விட்டு இடம் நகர்த்திக்கொண்டேயிருப்பின் தோயாது. ஐந்து தீவிற்குப் பகுத்த ஏழு நாளில் துறையிற் காத்திருத்தலும் மூட்டை கட்டலும் போக எஞ்சுவது எத்துணை? மேலும், தீவுதோறும் படகுக்கும் வண்டிக்கும் கொடுக்கும் பொருளை ஒருங்கு கூட்டினால், ஒரே ஊரில் மேலும் பத்து நாள் உண்டு உறங்கலாம். சிக்கனம் பேசுவோர் இதனைக் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

ஒரே ஊரில் இருந்தாற் சலிப்புத் தோன்றுமே என்பார் உளர். தோன்றும்; எமக்கும் ஆறாம் நாள் தோன்றிற்று. எட்டாம் நாள் வீட்டுப் பெண்கள் வாசலிலும் வழியிலும் நாள்தோறும் வைக்கும் "சானாங்" என்னும் சிறு பூந்தட்டிற்குத் தென்னங்குருத்தோலை முடைய எம்மைக் கூப்பிட்டனர். குருத்தோலை ஞாயிற்றில் ஓலை முடைந்து பழகிய கை உதவிற்று. இருபதின்மர் ஒருங்கே சென்றிருப்பின் கூப்பிட்டிருப்பார்களா? இருபதின்மரை ஏற்கும் வீடு அவ்வூரில் இல்லை. விடுதிக்குத்தான் செல்லவேண்டும், விடுதியிற் காண்பது இருபதின்மர் ஒருவரையொருவரே.

ஆதலின் எம் வேண்டுகோள் இது. இருபதின்மர் வேண்டா, அறுவர் செல்க. ஐந்து தீவு வேண்டா, ஓரூர் போதும். அனுமதிச் சீட்டு முப்பது நாளுக்குச் செல்லும். அதில் இருபத்தைந்து நாளேனும் தங்குக. ஊரார் கேட்கும் வாடகையைக் கேட்டபடி கொடுக்க. எம்மை ஏற்ற வீட்டுத் தலைவர் விடைபெறும் நாளில், இந்தியா வருவதற்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். கூட்டிச் சொன்னோம். சிரித்துக்கொண்டு, மகள் படித்து வேலைக்குப் போனபின் பார்க்கலாம் என்றார். அம்மகள் வருவாளாயின் நம் மகளிர் விடுதியில் ஒரு திங்கள் தங்க இடந்தர முடியுமா என்பதையும் சங்கத்தார் முதல்வரவர்களிடம் கேட்டுவைத்தல் நலம்.

இவற்றைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்திற் கொணர இருக்கின்றோம். செல்ல விரும்புவோர்க்கு இந்தோனேசிய மொழியின் முதற்பாடங்களை வாரம் இருநாள் மாலையில் தமிழ் வகுப்பறையிற் சொல்லித்தர எம்மில் ஒருவர் இசைந்துள்ளார். நூல்நிலையத்தார் ஓர் அகராதி மட்டும் வாங்கித் தருவாராயின் ஆடியிலேயே தொடங்கலாம்.